சமதரையில் ஓட்டிப் பார்த்த வண்டி

அக்காவின் புருஷன், என் மச்சான், குண்டசாலையில் ஒரு பங்களாவில் சாரதி. அந்த வீட்டுப் பையன் பெரிய பைக்குக்கு மாறியதும், அவன் ஓட்டி முடித்த மினி பைக்கை மச்சானின் மகளுக்கென்று கொடுத்துவிட்டார்கள். முழங்கால் உயரம்தான். ஆனால் பெற்றோல் இன்ஜின். முறுக்கினால் கண்டி பஸ்ஸை விரட்டும். மருமகளுக்கு அப்போது ஒன்பது வயது.

அக்கா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"தம்பி, நீ பார்த்து சரின்னு சொன்னாத்தான் புள்ள அதுல ஏறும். இல்லாட்டி பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுருவேன்."

எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரைக்கும் படித்தவன் நான் மட்டும். பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் பாடம். இப்போது குண்டசாலையில் ஒரு கராஜில் வேலை. வீட்டில் பல்ப் எரியாவிட்டாலும், அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தாலும், காய்ச்சல் மாத்திரை அரையா முழுசா என்றாலும் என்னைத்தான் கேட்பார்கள்.

வண்டியை கராஜுக்குக் கொண்டுவந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை மினக்கெட்டேன். செயினில் கால்சட்டை மாட்டாதபடி தகரம் வெட்டி மறைப்புப் போட்டேன். பிரேக் பிடியைச் சின்ன விரலுக்கு எட்டும்படி உள்ளே வளைத்தேன். சிவப்புக் கயிறு ஒன்று. ஒரு முனை மணிக்கட்டில், மறுமுனை இன்ஜின் சுவிட்சில். பிள்ளை விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும். கடைசியாக, அக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் முறுக்க முடியாதபடி ஒரு திருகாணி.

கராஜுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஓட்டிப் பார்த்தோம். மச்சான் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

"என்னா மாப்புள, பைக்கு குடுத்தா மாட்டு வண்டியாக்கிட்டீங்க. நான் நடக்குறதே வேகமா இருக்கு."

"அதுதான் மச்சான் வேணும்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர்கள் வீடு கடுகண்ணாவைக்கு மேலே. ரோட்டிலிருந்து வீட்டுக்குக் கொங்கிரீட் பாதை ஒன்று செங்குத்தாக ஏறும். அந்தப் பாதையில் நான் ஆயிரம் தடவை மூச்சு வாங்கியிருக்கிறேன். ஆனாலும் வண்டியை அங்கே ஏற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. கோயில் முன்னாலிருந்த தட்டையான இடத்தில் மருமகளை இரண்டு சுற்று ஓடவிட்டு, "சரிக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

திருகாணி தடுத்தால் இன்ஜின் வேகம் ஏறாது. வேகம் ஏறாவிட்டால் இந்த வகை வண்டியில் கிளச் முழுதாகப் பிடிக்காது. சமதரையில் அது தெரியாது. ஏற்றத்தில் வண்டி நடுவில் நின்று பின்னால் உருளும். இது நான் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கிய விஷயம்.

அது உருண்டிருக்கிறது, முதல் நாளிலிருந்தே. அக்கா கையில் ஒரு கருங்கல்லோடு பின்னாலேயே ஓடுவாளாம். வண்டி நின்றதும் சக்கரத்துக்குக் கல்லை வைப்பாள். பிள்ளை இறங்கித் தள்ளும். ஒரு மாதம் இப்படியே. வாராவாரம் நான் போனில் கேட்பேன், "வண்டி எப்படிக்கா?"

"நல்லா ஓடுது தம்பி."

அந்த வெள்ளிக்கிழமை அக்கா பைப்படியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். மருமகள் தனியாக ஏறினாள். பாதி வழியில் வண்டி பின்வாங்கியது. பயத்தில் பிரேக்கை விட்டுவிட்டு இன்னும் முறுக்கியிருக்கிறாள். ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தாள். கணுக்காலின் மேல் வண்டி. சிவப்புக் கயிறு இழுபட்டு இன்ஜின் உடனே நின்றிருக்கிறது. நான் வைத்தது, நான் வைத்தபடியே வேலை செய்திருக்கிறது.

கண்டி ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார்: எலும்பு வளரும் இடத்திலேயே நசுங்கியிருக்கிறது. இந்தக் கால் மற்றக் காலோடு சேர்ந்து வளருமா என்று இப்போது சொல்ல முடியாது.

வார்டுக்கு வெளியே அக்காவிடம் கேட்டேன். "உருளுதுன்னு ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ படிச்சு செஞ்சது தம்பி. அதுல போயி நான் என்னா குத்தம் சொல்றது? நாங்க ஓட்டுற விதந்தான் பிழையாக்கும்னு நெனச்சேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மச்சானும் திட்டவில்லை, தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். கட்டிலில் கிடந்த மருமகள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நாந்தான் கல்லு வைக்கல. வண்டி மேல பிழை இல்ல."

அது நடந்து ஒரு வருடமாகிறது. இடது கால் குட்டையாகத்தான் வளர்கிறது. போன வாரம் ஆஸ்பத்திரியில் அடிப்பாகம் உயர்த்திய சப்பாத்து ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்குப் போனபோது அக்கா அதைத் துணியில் துடைத்து என் கையில் வைத்தாள்.

"டொக்டர் குடுத்ததுதான். ஆனாலும் நீ ஒருக்கா பார்த்து சரின்னு சொல்லு தம்பி. அப்புறம் போட்டுவிடுறேன்."

மருமகள் காலை நீட்டிக்கொண்டு கதிரையில் காத்திருந்தாள். சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சரியென்று சொல்லாமலே அதை அக்காவின் கையில் திருப்பி வைத்தேன்.