ஒரு தடவைதான் என்று சொன்னேன்

முடிச்சூர்ப் பக்கம் தெருவில் படகு விட்டார்களே, அந்த வெள்ளத்துக்கு அடுத்த வருடம். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியின் சர்வரை அழித்தவன் நான்தான். பழி அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்த்த ரெஹானாமேல் விழுந்தது.

நான் அங்கே அட்டெண்டர். அதற்கு முன் பல்லாவரத்தில் தோல் பதனிடும் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி ஊறி விரல்நுனி மரத்துவிட்டது. இதை ஏன் சொல்கிறேன்? பொறுங்கள்... வருகிறேன்.

சர்வருக்குள் பெட்டி பெட்டியாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேலை ஓடும் என்பாள் ரெஹானா. அதில் ஒரு பெட்டிதான் அவள் எழுதும் புரோகிராமையெல்லாம் ஓடும்படி கட்டித் தருவது. அதற்குள் இருந்தே மற்ற பெட்டிகளுக்கும் உத்தரவு போடலாமாம்.

"உள்ள கீறவன் கையில வெளிச்சாவியாம்மா?" என்றேன்.

"வேற வழியில்ல தாத்தா. ரொம்பக் கேள்வி கேட்டா உங்களையே என் வேலைக்கு வெச்சிடுவாங்க!" என்று சிரித்தாள்.

ஒருநாள் காலை, புதிதாக வந்த சர்வர் மெஷினை ஒரே வரி உத்தரவில் துடைத்துவிட்டு, ஓர் ஆஸ்பத்திரியின் நோயாளி விவரங்களையெல்லாம் அதில் ஏற்றினாள். அந்த விவரம் இருந்த பழைய மெஷினை முதலாளி உடனே விற்று அனுப்பிவிட்டார்; வேறு நகல் இல்லை. மதியம் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனவள், அங்கிருந்து போன் செய்தாள்.

"வேலை பாதில நிக்குது தாத்தா. என் சிஸ்டம் தொறந்துதான் இருக்கு. மேல பாக்குற அம்புக்குறி ஒரு தடவ, நான் கடைசியா போட்ட வரி வரும், அப்புறம் என்டர். ஒரு தடவதான், சரியா?"

அழுத்தினேன். பதிந்ததா? விரலுக்குத் தெரியவில்லை. திரையில் ஓடும் இங்கிலீஷ் எனக்கென்ன தெரியும்! இன்னொரு தடவை அழுத்தினேன். என்டர்.

இரண்டாவது அழுத்தில் வந்தது அதற்கு முந்தின வரி, காலையில் அவள் மெஷினைத் துடைத்த அதே வரி!

எல்லாப் பெட்டியும் போயிற்று. உத்தரவு போட்ட பெட்டியும் சேர்ந்தே போயிற்று. என்ன வரி ஓடியது என்று சொல்ல ஒரு தடயமும் மிஞ்சவில்லை.

ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஒரு தடவதானே தாத்தா?"

"ஒரு தடவதாம்மா."

அவ்வளவுதான்... அந்த ஒரு சொல். முதலாளியிடம் என் பெயரையே அவள் எடுக்கவில்லை. "சாவிய உள்ள வெச்சது என் தப்பு சார்" என்றாள். அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்!

போன மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவளைப் பார்த்தேன். அண்ணன் கடையில் பழைய சார்ஜர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர் வேலைக்குப் போவலியாம்மா?"

"எனக்கு அது வராது தாத்தா. அன்னைக்கே புரிஞ்சிடுச்சு. நீங்க சாப்ட்டீங்களா?"

வாய் திறந்தேன். "சாப்ட்டேம்மா" என்றுதான் வந்தது. அங்கேயும் பொய்! நான் என்ன பிறவி?

இனி என் வாயால் வராது. நீங்கள் அந்தச் சந்தைக்குப் போனால், சார்ஜர் கடையில் ரெஹானா என்று கேளுங்கள். மன்னிப்பு வேண்டாம், கேட்கவும் எனக்கு முகமில்லை. அவள் வேலையில் ஒரு பிழையும் இல்லை, கிழவன் இரண்டு தடவை அழுத்தினான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.