அண்ணன் கட்டிய பெட்டியும் நான் வெட்டிய கம்பியும்

"...மத்ததெல்லாம் எழுது தம்பி, அந்த ஆடி மாசத்துக் கதைய மட்டும் உட்டுடு. போன மனுசனுக்கு அந்த ஒரு கெட்ட பேரு எதுக்கு?" என்றார் அண்ணி. அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்காக அவர் வீட்டில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருந்தேன். அண்ணி கேட்டதற்காகவே விட்டுவிடலாம். ஆனால் அந்தக் கதை அவருக்குத் தெரிந்த மாதிரி நடக்கவில்லை.

அண்ணன் கொரட்டூரில் பிறந்தவர். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி, என்னையும் தங்கையையும் கரையேற்றியவர். பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பார்த்தே ஆம்ப்ளிஃபயர் கட்டக் கற்றுக்கொண்டார். லீவு நாட்களில் மைக்செட் வேலை. "உங்க அண்ணன் மைக்கு கட்டினா தொட்டில்ல கீற கொயந்த கூட முழிச்சிக்காது" என்று தெருவில் சொல்வார்கள்.

அதற்குக் காரணம் அவர் தன் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் வைத்த லிமிட்டர். ஒரு கறுப்புக் குழாய். அதற்குள் ஒரு சின்ன விளக்கு. எதிரே, வெளிச்சம் பட்டால் மின்சாரத்துக்கு வழிவிடும் ஒரு வில்லை. சத்தம் அளவை மீறினால் விளக்கு எரியும். உடனே வில்லை, உள்ளே வரும் ஒலியில் ஒரு பங்கை எர்த்துக்குத் திருப்பிவிடும். சத்தம் அடங்கினால் விளக்கும் அணையும். "மைக்ல ஒருத்தன் கத்துறான்னு வையி, இது அவன் வாயப் பொத்தாது. தோள்ல கைய போட்டு 'மெதுவா நைனா'ன்னும்" என்பார் அண்ணன்.

அது ஓர் ஆடி மாதம், அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாள். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். பெட்டிக்கு நான் காவல். "இன்னா மாமே, ஊட்ல ரேடியோ கேக்குற மாதிரி கீது? ஏத்து!" என்று என் கூட்டாளிகள் கிண்டலடித்தார்கள். எவ்வளவு திருகியும் சத்தம் ஏறவில்லை. ரோஷத்தில் பின்மூடியைக் கழற்றி, அந்த வில்லையின் கம்பியைக் கத்தரித்தேன். பத்து நிமிடம் தெருவே அதிர்ந்தது. தட்டிக்கேட்க ஆளில்லாத ஆம்ப்ளிஃபயர் திணறி, கரகரத்து, ஹாரன் ஸ்பீக்கர்களுக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களை ஒவ்வொன்றாக எரித்தது. பம்பை முழங்கி, கூழ்ப்பானை திறக்கும் நேரத்தில் மைக் ஊமையானது.

"அம்மன் எதிர்ல மானத்த வாங்கிட்டியேப்பா!" என்று விழாக்குழுத் தலைவர் கத்தினார். ஓடிவந்த அண்ணன் மூடியைத் திறந்தார். வெட்டிய முனை பளபளத்தது. என்னை ஒரு தடவை பார்த்தார். மூடியை மூடிவிட்டு, "தப்பு என்னோடதுதான் தலைவரே, என் கையால செஞ்ச பெட்டி" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்கு அவரைக் கூப்பிடவில்லை. ஆடி வந்தால், வேறு யாரோ கட்டிய மைக்கை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் வெட்டிய கம்பியைத் தானே மறுபடி பற்றவைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பூராவும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை.

ரத்தம் கொடுத்த எஸ்டேட் நண்பர்களுக்கும், வேளாவேளைக்குக் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், மயானம் வரை தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. உங்களில் பலர் அன்று அண்ணனைத் திட்டினீர்கள். அந்தத் திட்டு எனக்கு உரியது.

இதை எழுதுவதற்கு முன் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, "தலைவரு ஊட்லதான் கீறாரு. வா, அவரு எதிர்ல சொல்லு" என்று எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தார்.