திங்களிதழ்

ஒரு பத்திரிகை எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்று சொல்ல, தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. நாளிதழ், வார இதழ், மாதமிருமுறை, காலாண்டிதழ். காரைக்காலில் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிற்றிதழ் தொடங்கியபோது, அட்டையில் 'மாத இதழ்' என்று போட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்டார்கள். எனக்குப் போதவில்லை. மாதம் வடசொல், திங்கள் என்றால் நிலா, நிலா ஒரு சுற்று வந்தால் அதுவும் திங்கள்தான் என்று வகுப்பெடுத்து, 'திங்களிதழ்' என்று போட வைத்தேன். இத்தனைக்கும் அது சொன்ன தேதிக்கு வந்ததே கிடையாது. 'மாதம் தவறாமல் தவறும் இதழ்' என்று என் மனைவி கேலி செய்வாள்.

நான் கோட்டுச்சேரிமேட்டு மீனவ வீட்டுப் பிள்ளை. அவள் டவுனில் வளர்ந்த, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெண். எங்கள் கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. அதற்குப் பிறகு பேசவும் இல்லை. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், நடுவில் நின்று சமாதானம் பேசவும் ஆளில்லை. தலத்தெருவில் ஒரு வாடகை வீடு பிடித்தோம். முன்னறையில் என் டி.டி.பி. கடை, ஒரு திரைச்சீலை, அதற்குப் பின்னால் எங்கள் குடித்தனம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அப்பா கடை வாசலில் வந்து நின்றார். டீசல் வாங்க வந்தவர் போல கையில் கேன். என்னைப் பார்க்காமல், கயிற்றில் தொங்கிய இதழை எடுத்து அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். அதை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்தார்.

"இந்த வாரத்துப் பொஸ்தகம் வந்துட்டுதா?"

தப்பாக ஒரு சொல் காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது. திங்கள் என்றால் இங்கே கிழமை இல்லை என்று ஆரம்பிக்க வாயைத் திறந்துவிட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஊரையெல்லாம் திருத்துங்க, இந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்க," என்றாள் மெதுவாக. "மாசம்னு தெரிஞ்சா மாசத்துக்கு ஒருக்காத்தான் வருவாரு."

அன்றைக்கு, இன்னும் அச்சாகவில்லை, அடுத்த வாரம் தருகிறேன் என்று சமாளித்தேன். அப்புறம் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து, முன்னும் பின்னுமாக ஒரு தாள் தட்டச்சு செய்தேன். காற்று எப்படி, துறைமுகத்தில் என்ன மீன் என்ன விலை, இரண்டு விடுகதை. ஒரே ஒரு வாசகருக்காக நடந்த வார இதழ் அது. அப்பா முக்காலியில் உட்கார்ந்து படித்துவிட்டு, வஞ்சிரம் அந்த விலைக்கு எவன் கொடுக்கிறான் என்று குற்றம் சொல்வார். எனக்கு அது தேனாக இருக்கும். திரைக்கு வெளியே நீளும் கையிலிருந்து டீயை வாங்கிக் குடிப்பார். ஆனால் அவள் வெளியே வந்தால் எழுந்து கிளம்பிவிடுவார். உள்ளே ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

நண்பர்களில் ஒருவர் துபாய் போனார், இருவர் சென்னைக்குப் போனார்கள். இனி மாதாமாதம் முடியாது என்று முடிவாகி, 'காலாண்டிதழ்' என்று அட்டை அச்சாகி வந்தது. நான் எடுத்து ஒளித்து வைப்பதற்குள் அப்பா கையில் எடுத்துவிட்டார்.

காலாண்டு என்றால் என்ன என்று கேட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றேன். அப்படியானால் இனிமேல் திங்கட்கிழமை கிடையாதா என்றார். பொஸ்தகம் கிடக்கட்டும், நீங்கள் வாங்கப்பா என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. பிடிவாதத்தில் அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருந்தேன். அவர் கேனை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. அவள் போட்ட டீ ஆறி ஏடு படிந்தது. அதற்கடுத்த திங்களும் வரவில்லை. என் பாழாய்ப்போன தமிழ்க் கெட்டிக்காரத்தனத்தால் வந்தவர், அதனாலேயே போய்விட்டார் என்று எனக்கு அழுகையாக வந்தது. கோட்டுச்சேரிமேட்டுக்கு நீங்களே போய்ப் பாருங்கள் என்று அவள் சொன்னாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. அப்பா. கையில் கேன் இல்லை. பையில் கொடுவா மீன். கயிற்றில் தொங்கியதைப் பார்க்கவே இல்லை. முக்காலியைத் தாண்டி நேராக வந்தார்.

"இன்னக்கிப் புதன்கெழமைப்பா," என்றேன்.

"தெரியுது. மவன் வீட்டுக்கு வர்றதுக்குக் கெழம என்னாடா?"

அவள் திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். "உள்ள வாங்க மாமா," என்றாள். அவர் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனேன். முகம் கழுவ வேண்டியிருந்தது.