டிஸ்க் காலி, ரேம் நிறைவு

பேனர் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பிரிண்டிங் கடையில் பதினோரு வருடமாக டிசைனர். வாய் கொஞ்சம் நீளம். பிடிவாதம் அதைவிட நீளம்.

ஒரு திங்கட்கிழமை காலை, மரச்சாமான் கடைக்கு இருபதடி பேனர் செய்துகொண்டிருந்தாள். சோபாவின் நிழலைச் சரிசெய்யும்போது திரை அப்படியே நின்றுவிட்டது. பிறகு, மெமரி போதவில்லை என்று ஒரு செய்தி. மெமரி என்றால் சேமித்து வைக்கிற இடம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பழைய டிசைன்களையெல்லாம் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றி முடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. திரும்ப சோபாவைத் தொட்டாள். அதே செய்தி.

"பாதி வீட்டையே காலி பண்ணிக் கொடுத்தாச்சு. இன்னும் இடம் பத்தலைங்குது," என்றாள் முதலாளியிடம்.

அவர் கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தார். மெக்கானிக் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "வயசாயிடுச்சுக்கா. புதுசு வாங்கிடுங்க."

"வாங்குறது இருக்கட்டும் தம்பி. டிஸ்க்குல பாதி காலியா கெடக்கு. அப்ப எதுதான் பத்தல?"

இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை போலும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டிஸ்க் எடுத்து வைக்கிற எடம்க்கா. கரண்ட் போனாலும் இருக்கும். இது கேக்குறது ரேம். இப்ப தெறந்து வச்சிருக்கிற வேலையெல்லாம் அதுலதான் இருக்கும். அது நெறஞ்சா, மிச்சத்தை டிஸ்க்குல தள்ளிட்டுத் தேவைப்படுறப்ப திரும்ப எடுக்கும். அதான் இழுக்குது."

எந்தப் புரோகிராம் எவ்வளவு ரேமைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் பட்டியலையும் திறந்துவிட்டுப் போனார். அக்கா அதைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தாள்.

முதலில் அகப்பட்டவர் முதலாளி. காலையில் அந்தக் கம்ப்யூட்டரில் செய்தி படிப்பவர், இருபத்தாறு பக்கங்களைத் திறந்தபடியே விட்டிருந்தார்.

"நான்தான் இப்ப பாக்கலையேம்மா."

"நீங்க பாக்கலைன்னாலும் அது எடத்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்குங்க."

மறுநாள் அகப்பட்டது அவளேதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்று விசிட்டிங் கார்டுக்கு வைக்கிற அதே துல்லியத்தை இருபதடி பேனருக்கும் வைத்திருந்தாள். பேனரில் மூக்கை வைத்து யார் பார்க்கப்போகிறார்கள்? துல்லியத்தைப் பாதியாக்கினாள். படம் பிடித்திருந்த மெமரி கால்வாசியாக இறங்கியது. பாதிதானே குறைய வேண்டும் என்று யோசித்தவள், புள்ளிகள் அகலத்தில் பாதி, உயரத்திலும் பாதி என்று புரிந்ததும் தனியாகச் சிரித்தாள்.

வியாழக்கிழமை மெக்கானிக் புதுக் கம்ப்யூட்டரின் விலைப்பட்டியலோடு வந்தார். பேனர் அச்சாகிக் காய்ந்துகொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் அக்கா சொல்லச் சொல்ல, அவர் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பெட்டியைத் தெறங்க தம்பி. இன்னொரு ரேம் போட எடம் இருக்கான்னு பாப்போம்."

இருந்தது. அன்று சாயங்காலமே போட்டார்கள்.

இப்போது மற்ற கடைகளின் டிசைனர்களும் கம்ப்யூட்டர் நின்றுபோனால் முதலில் அக்காவுக்குத்தான் போன் செய்கிறார்கள். நம்பர் கொடுப்பவர் மெக்கானிக்.

"உங்க பொழப்புல மண்ணைப் போடுறேனே தம்பி," என்று ஒருநாள் கேட்டாள்.

"நீங்க பேசி முடிச்சா, ஆளுக்கொரு ரேம் கேட்டு வர்றாங்கக்கா. என் கடையில ஸ்டாக் தீந்துபோச்சு," என்றார் அவர்.