வெட்டாத ஐம்பது ஹெக்டேர்

லாஸ் தாந்தாஸ் என்ற எங்கள் ஆற்றங்கரை ஊரில் நிலம் யாருடையது என்று கேட்டால் எவரும் பத்திரத்தைக் காட்ட மாட்டார்கள். பத்திரம் இருந்தால்தானே காட்டுவதற்கு! மரத்தை வெட்டி, எரித்து, புல்லோ மரவள்ளியோ போட்டவன் எவனோ, அவனுடையது நிலம். வெட்டாமல் விட்டது எவ்வளவு பெரிய காடானாலும் கேட்பாரற்றது. இது அந்த ஆற்றங்கரையில் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. யோலிமாவுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அவள் ஐம்பது ஹெக்டேரை வெட்டாமல் விட்டாள். அதற்கு அவளுக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பத்தொன்பது வயதில், புருஷன் ஓவிதியோவோடு காகுவான் ஆற்றில் படகேறி வந்தவள் அவள். மலைநாட்டில் அவர்களுடைய ஊரைத் துப்பாக்கிக்காரர்கள் ஒரே காலையில் காலி செய்துவிட்டார்கள். எந்தத் துப்பாக்கிக்காரர்கள் என்று அவள் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? இங்கே எட்டு ஹெக்டேர் வெட்டினார்கள். வாழையும் மரவள்ளியும் வயிற்றுக்கு, கோகெய்ன் காய்ச்சுகிறவர்கள் வாங்கும் கோகா செடி விற்பதற்கு. படகுக் கூலிக்குக் கட்டுப்படியாகிற பயிர் அது ஒன்றுதான் இருந்தது.

காடு அப்போது கெரில்லாக்களின் கையில் இருந்தது. ஊர்க்கமிட்டி ஒரு விதி போட்டது: அவரவர் எல்லைக்குள் பாதிக்கு மேல் காடு நிற்க வேண்டும், மீறினால் தண்டனையாகப் பாலம் கட்டும் வேலைக்குப் போக வேண்டும். மற்றவர்கள் விதியின் பின்னால் நின்ற துப்பாக்கிக்குப் பயந்தார்கள். யோலிமா தன் கையெழுத்துக்குப் பயந்தாள். கமிட்டி நோட்டில் அவள் போட்ட கையெழுத்து அது. தவிர, அவள் குடித்த ஓடை அந்தக் காட்டுக்குள்தான் ஊற்றெடுத்தது.

ஓவிதியோவைப் பாம்பு கடித்தது ஒரு மத்தியானம். அன்றைக்குப் பார்த்து ராணுவமும் கெரில்லாவும் ஆற்றின் இரு கரையிலிருந்தும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். படகு எடுக்க ஆளில்லை. மறுநாள் சண்டை ஓய்ந்தபோது அவனை மருந்துக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் தீர்ந்துபோயிருந்தது. பாம்பு கொன்றது என்று ஊர் சொல்லும். ஆறு கொன்றது என்று யோலிமா சொல்வாள்.

பிறகு சமாதானம் வந்தது. தொலைக்காட்சியில் வெள்ளைக் கைக்குட்டைகளை ஆட்டினார்கள். கெரில்லாக்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கோகாவைப் பிடுங்கினால் அரசாங்கம் கைகொடுக்கும் என்றார்கள். யோலிமா ஒவ்வொரு செடியையும் வேரோடு தன் கையாலேயே பிடுங்கினாள், உள்ளங்கைத் தோல் உரிந்துபோக. கைகொடுக்க வந்தது என்ன தெரியுமா? சாக்லேட்டுக்கான கொக்கோ கன்றுகள். மழையெல்லாம் முடிந்து, கொளுத்துகிற ஜனவரியில், பாதி கருகிய நிலையில், படகிலிருந்து இறக்கினார்கள். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து மட்டும் மறக்காமல் கேட்டார்கள்.

துப்பாக்கிகள் போன இடத்துக்கு ரம்பங்கள் வந்தன. டாக்டர் என்று எல்லோரும் சொல்கிற ஒரு பெரிய மனிதர் எங்கோ நகரத்தில் இருந்தார். அவர் யாருக்கும் ஊசி போட்டவர் அல்ல. எங்கள் பக்கம் மாடும் பணமும் மிகுந்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூன்று கோடையில் அவருடைய புல்லும் வேலியும் யோலிமாவின் எல்லை வரை வந்துவிட்டன. அவரை ஒருவரும் பார்த்ததில்லை. மாடுகளைத்தான் பார்த்தோம்.

அந்த நேரத்தில் நிலக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள், கையில் கணினிப் பலகையோடு.

"எவ்வளவு நிலத்துல பாடுபட்டிருக்கீங்கம்மா?"

"எட்டு ஹெக்டேர்."

"மிச்சம்?"

"மிச்சம் காடு. நாங்கதான் காப்பாத்தி வச்சிருக்கோம்."

"காப்பாத்துறதுக்குன்னு இதுல கட்டம் இல்லையேம்மா. அப்ப எட்டுன்னு போட்டுக்கறேன்."

பக்கத்து எல்லைக்காரன் திபேரியோ எழுபது என்று கூசாமல் சொன்னான், எழுபதும் பதிவானது. யோலிமாவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. வெட்டின நிலத்தை மட்டும் சொல்வதுதான் அங்கே நாணயம். அந்த நாணயம் அவள் காட்டை ஆளில்லாத காடாக்கிவிட்டது.

அவள் சும்மா இருக்கவில்லை. நகரப் பள்ளிக்கூடத்தில் காடு, வளர்ச்சி, சமாதானம் மூன்றையும் எப்படி ஒன்றாகக் கொண்டுபோவது என்று கூட்டம் போட்டபோது ஒரு நாள் முழுக்கப் படகில் போனாள். வண்ண வண்ணக் காகிதத்தில் ஆளுக்கொரு ஆசையை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். யோலிமா எழுந்து, "காட்டை வெட்டுனவனுக்கு நிலம், வெட்டாதவளுக்கு ஒண்ணுமில்லேன்னா எவன் காட்டை விடுவான்?" என்று கேட்டாள். "ரொம்ப அருமையான கேள்வி" என்று கைதட்டிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

டிசம்பரில் அவள் மரங்களில் நீலச் சாயம் முளைத்தது. சாயம் பூசினால் ரம்பம் வரப்போகிறது என்று அர்த்தம். அடுத்த வாரம் திபேரியோவே வந்தான். அவன் இப்போது டாக்டரின் ரம்பக் கூட்டத்துக்கு மேஸ்திரி.

"அக்கா, ஜனவரி கடைசில உங்க பக்கம் இறங்குறோம். கேள்விப்பட்டுத் தெரிஞ்சுக்க வேணாமேன்னு நானே வந்தேன்."

"வெட்கமா இல்லையாடா? உன் மகளுக்கு ஞானஸ்நானத் தாய் நான்."

"பிள்ளைங்க சாப்பிடணுமில்ல. நான் போகலேன்னா வேற ஒருத்தன். நான் ஒரு வழி சொல்றேன், கேளுங்க. நீங்களே முந்திக்கிட்டு ஒரு இருபது ஹெக்டேரைப் போட்டுத் தள்ளிருங்க. அப்புறம் அது உங்களுது. டாக்டரே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"காட்டைக் காப்பாத்தக் காட்டை வெட்டணுமா?"

"நானா இப்படி வச்சேன்?"

அவன் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் அவளுக்கு ஆத்திரம். ரம்பத்தை எடுத்து எண்ணெய் கூடப் போட்டுவிட்டாள். இலவ மரத்தடி வரைக்கும் போனாள். போய் நின்றாள். பிறகுதான் ரம்பக்காரர்களின் பழைய கட்டுப்பாடு அவள் ஞாபகத்துக்கு வந்தது: அடுப்பு புகையும் வீட்டின் மேல் மரம் சாய்க்கக் கூடாது. எவ்வளவு கேடுகெட்ட மேஸ்திரியும் அதை மீறியதில்லை. மீறினால் அடுத்த மரம் தன் தலையில் விழும் என்று அவர்களுக்குப் பயம்.

அவள் கேட்டுக்கொண்டபடி கமிட்டி ஒரு கூட்டு வேலை நாள் அறிவித்தது. பதினெட்டுப் பேர் வந்தார்கள். யோலிமாவின் பலகை வீட்டைப் பிரித்தார்கள். தகரத்தைத் தலையிலும் கட்டிலைத் தோளிலும் தூக்கிக்கொண்டு டாக்டரின் வேலியை ஒட்டிய காட்டின் கடைக்கோடிக்கு, நீலச் சாயம் பூசிய மரங்களுக்கு நடுவே போனார்கள். போன மழையில் ஒரு கிழட்டு மரம் தானே விழுந்து கொஞ்சம் இடம் விட்டிருந்தது. அங்கே வீட்டை நிறுத்தினார்கள். ஒரு மரக்கன்றைக்கூட வெட்டவில்லை. கோழிச் சாறு வைத்துச் சாப்பிட்டார்கள்.

ஜனவரி கடைசியில் பன்னிரண்டு ரம்பங்களோடு திபேரியோ வந்தபோது அடுப்பு புகைந்துகொண்டிருந்தது.

"அக்கா, இதென்ன கூத்து?"

"குடியிருக்கேன். காப்பி இருக்கு, குடிச்சிட்டு எந்த மரத்துல ஆரம்பிக்கிறேன்னு சொல்லு. கோழியையாவது தள்ளிக் கட்டறேன்."

ரம்பக்காரர்கள் மேலே பார்த்தார்கள், புகையைப் பார்த்தார்கள், காப்பியைக் குடித்தார்கள், போய்விட்டார்கள். போகும்போது திபேரியோவின் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது என்பது என் சந்தேகம்.

யாருக்குப் போன் போட வேண்டும் என்று டாக்டருக்குத் தெரிந்திருந்தது. பதினோராவது நாள் ஹெலிகாப்டர் வந்தது. மூன்று கோடையாக, வேலிக்கு அந்தப் பக்கம் காடு பற்றி எரிந்தபோது வராத ஹெலிகாப்டர்! டாக்டரின் புல்வெளியில்தான் இறங்கியது, வேறெங்கும் இறங்க இடமில்லை. ஆறு சிப்பாய்களும் வனத்துறை அதிகாரி ஒருவரும் மாடுகளை விலக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். அதிகாரி இளம் வயது, வியர்த்துக் கொட்டியது.

"அம்மா, இது பாதுகாக்கப்பட்ட காடு. இங்க யாரும் குடியிருக்கக் கூடாது. குடியிருந்தா காடு அழிஞ்சிரும்."

யோலிமா அண்ணாந்து பார்த்தாள். அவரும் அண்ணாந்து பார்த்தார். அந்தக் கூரைக்கு மேலே வானம் தெரியவில்லை, அவ்வளவு இலை. பிறகு அவள் கையை நீட்டி, அவர் வந்த வழியைக் காட்டினாள். வேலிக்கு அப்பால் ஒரு மரம் இல்லை.

"அது என் பொறுப்புல வராதும்மா. எனக்கு வந்த புகார் இந்த வீட்டு மேல."

அவர் தலைகுனிந்து குற்றப் படிவத்தை எடுத்தார். பெயரை எழுதினார். இடம் காட்டும் கைக்கருவியைப் பார்த்து, காட்டின் நாலு மூலையையும் எண்களாக எழுதினார். அவள் பக்கத்தில் வந்து நின்று அந்த எண்களையே பார்த்தாள்.

"தம்பி, அந்த நாலு மூலைக்குள்ள எவ்வளவு இருக்கு?"

"ஐம்பது ஹெக்டேர்."

"எப்பத்துலேருந்து இருக்கேன்னு எழுதலையே?"

"போன மாசந்தானே வந்தீங்க?"

"முப்பத்தாறு வருஷமா இந்தக் காடு என் பொறுப்புல இருக்கு. கமிட்டி நோட்டு இருக்கு, கையெழுத்து இருக்கு. முப்பத்தாறுன்னு எழுது."

"அம்மா, புரியாமப் பேசாதீங்க. அப்படி எழுதினா குத்தம் இன்னும் பெருசாயிரும்."

"ஆகட்டும். மரமெல்லாம் நிக்குதுன்னும் எழுது. கண்ணால பாத்தேல்ல?"

சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு எழுதினார், இரண்டையும். முத்திரை குத்தினார். அவளுடைய பெயரையும் அந்தக் காட்டையும் அரசாங்கம் ஒரே தாளில் எழுதியது அதுதான் முதல் தடவை. அதற்கு அவள் குற்றவாளியாக வேண்டியிருந்தது.

யோலிமா நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். படிவத்தின் அடித்தாள் நகலைக் கிழித்து வாங்கி, இரண்டு முறை படித்தாள்.

"இன்னொரு பிரதி குடு தம்பி" என்றாள். "டாக்டருக்கும் ஒண்ணு அனுப்பணும்."