மேட்டுப் பக்கத்து பேக்

ஜப்பானிலும் கொரியாவிலும் கால்பந்து உலகக் கிண்ணம் நடந்த வருடம்தான் எனக்கு ‘ஸ்லோவேனியா’ என்று பட்டப்பெயர் விழுந்தது. இலங்கையில் ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு இறப்பர் தோட்டம் எங்களுடையது. நான் பால்வெட்டுக்காரன், தோட்டத்து டீமில் பேக், பின்னால் நின்று எதிராளியை மறிக்கிற ஆள். வெட்டிய பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்த கையோடு கடைவீதிக்கு ஓடுவோம். முஸ்லிம் நானா ஒருவரின் பலசரக்குக் கடையில் டீவி இருந்தது.

ஸ்லோவேனியாவின் பின்வரிசையில் என்னைப் போலவே நெட்டையாக, கன்னம் ஒட்டிப்போய் ஒருவர் விளையாடினார். “இந்தா, உங்கட ஆள் தம்பி,” என்று நானாதான் முதலில் சொன்னார். அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் ஒழுங்காக வரவில்லை. அந்த நாடு ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றது. தோற்ற முகத்தோடு அடுத்த ஆட்டத்துக்கு வந்து அதே இடத்தில் நிற்பார் மனுஷன். அவருடைய ஊரும் மலையும் காடும்தான் என்று பேப்பரைப் பார்த்து நானா சொன்னபோது, ஏதோ சொந்தக்காரன் கிடைத்த மாதிரி எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் கிரவுண்டு கோயிலுக்கும் ஓடைக்கும் நடுவில் சரிவாகக் கிடந்தது. நான் மேட்டுப் பக்கம் நிற்பேன். எதிராளி பாய்ந்து வந்தால் பந்தை மேட்டில் மெல்லத் தள்ளிவிட்டு அப்படியே நிற்பேன். அவன் வேகத்தில் என்னைத் தாண்டிப் போய்விடுவான். பந்து தானாக உருண்டு என் காலுக்கே திரும்பி வரும். லயத்து வீடுகளில் இருக்கிற சனமெல்லாம் விசில் அடிக்கும். அதை என் திறமை என்றுதான் நானும் நம்பினேன்.

அந்த வருடமே கேகாலை டவுன் டீமைப் பழக்குகிற மாஸ்டர் என்னை ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிட்டார். எடுபட்டால் டவுனில் வேலையும் போட்டுத் தருவார்கள். விடியற்காலையில் கத்தியும் வாளியும் தூக்க வேண்டியதில்லை. தோட்டமே லொறி பிடித்துக்கொண்டு கிளம்பியது. அம்மன் முன்னால் எலுமிச்சம்பழத்தை மிதிக்க வைத்து, மாலை போட்டு, மேளம் அடித்துக் கூட்டிப்போனார்கள். அடித்தது என் அப்பா.

“பலமு மல்லி,” என்று சிங்களத்தில் சொல்லி மாஸ்டர் என் முதுகில் தட்டினார். பார்க்கலாம் தம்பி என்று.

நன்றாகத்தான் பார்த்தார். முதல் பந்து வந்ததும் என் கால் பழக்கத்தில் பக்கவாட்டில் மெல்லத் தள்ளியது. நானும் திரும்பிக் காலை நீட்டிக்கொண்டு நின்றேன். டவுன் கிரவுண்டு தட்டைத் தரை. பந்து ஏன் திரும்பி வரும்? எதிராளி எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டான். நான் இன்னும் காலை நீட்டியபடி நின்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இனி செய்யக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அதையே செய்தேன். இன்னொரு கோல். மாஸ்டர் கையசைத்து என்னை வெளியே கூப்பிட்டார். மேளச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

லொறியில் யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒருத்தி என் மாலை கசங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்த வாரம், பால்வெட்டு முடிந்து சாப்பிடக்கூடப் போகாமல், ஆண்களும் பெண்களும் மண்வெட்டியோடு கிரவுண்டில் இறங்கினார்கள். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட்டார்கள். நான் லயத்துக்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். எல்லாம் முடிந்த நாளில் அப்பா வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரைக்கும் சேறு.

“உன் மேல குத்தம் இல்லடா. கிரவுண்டு சரிவா கெடந்துச்சு, நாங்கதான் அப்படியே விட்டுட்டோம். இப்ப சமமா இருக்கு. வந்து ஒருக்கா வெளையாடிப் பாரு.”

“காச்சலா இருக்குப்பா,” என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்தத் தரையில் நான் ஒரு நாளும் இறங்கவில்லை.

நானா மட்டும் விடவில்லை. உங்கட ஆள் வேற கிளப்புக்குப் போயிட்டாராம், காலில் அடியாம், திரும்பவும் வந்துட்டாராம் என்று பேப்பரில் கண்டதையெல்லாம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டிவிட்டுச் சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

ஒரு சம்பள நாளில் அப்பாவும் நானும் அரிசி வாங்கப் போயிருந்தோம்.

“உங்கட ஆள் வெளயாட்ட உட்டுட்டாராம் தம்பி. வயசு போயிட்டுதானே,” என்றார் நானா, தராசைப் பார்த்தபடி. “ஓ, நீங்களும் பேக்தானே. நீங்க எப்ப உட்டீங்க?”

பக்கத்தில் பையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அவனுக்கு அப்ப காச்சல், நானா.”