அப்பாவைக் குடிகாரராக்கிய விண்ணப்பம்

போன வாரம் வேங்கிக்காலிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மறுநாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த எனக்கு முன்னால் சீட்டில் ஒரு அம்மாள், செல்போனைப் பார்த்தபடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனிலிருந்து வயலின் இழுத்தது. பிறகு ஒரு ஆண் குரல்: "பாப்பா, என்னை மன்னிச்சிடும்மா. இனிமே அந்தக் கருமத்தத் தொடமாட்டேன்."

அந்த அம்மாள் நிமிர்ந்து போனை என் பக்கம் திருப்பினார். "பாருண்ணா, எத்தினி வாட்டி பாத்தாலும் அழுகை வருது. பெத்த பொண்ணு பாட்டுக்காகக் குடிய வுட்டுட்டான் இந்த மனுசன்."

அந்த மனுசன் என் அப்பா. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. இதை அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்தேன். உங்களிடமாவது சொல்லித் தொலைக்கிறேன்.

ஜெராக்ஸ் மெஷின் சூடானால் ஒரு வாசனை வருமே, காகிதம் லேசாகத் தீய்ந்த மாதிரி, அது மூக்கில் பட்டாலே எனக்கு அந்த நாட்கள்தான். கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலை பார்த்தேன். திங்கட்கிழமை மனு நாள். விடிந்ததும் கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்தெல்லாம் ஜனங்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் கஷ்டத்தையும் உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம்? கம்ப்யூட்டரில் 'மாதிரி' என்று ஒரு ஃபைல் வைத்திருந்தோம். 'ஏழ்மை நிலையில் வாடும்', 'ஆதரவற்ற நிலையில்', 'குடிப்பழக்கத்துக்கு அடிமையான கணவரால் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகி' என்று வரிகள் தயாராக இருக்கும். பெயரையும் ஊரையும் மாற்றினால் மனு ரெடி.

"கஷ்டத்த கம்மியா எழுதினா எந்த ஆபீசர்டா படிப்பாரு? ஜாஸ்தியா போடு," என்பார் ஓனர்.

ஒருமுறை ஒரு பெண், எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பதறிப்போனாள். "ஐயையோ, எங்க வூட்டுக்காரரு குடிக்க மாட்டாருங்களே!"

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா போடறது. நீ கையெழுத்துப் போடு," என்றேன். என்ன திமிர் பாருங்கள். அவள் கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள்.

அந்தக் காலத்தில்தான் டீவியில் பாட்டுப் போட்டி எங்கள் தெருவையே பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தெருவில் நடந்தால் ஒரு வரிகூட விட்டுப்போகாது, எல்லா வீட்டிலும் அதே சத்தம். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். பாட்டு ஓடும்போது எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வருவார்கள். பாடினவரின் அம்மா மேடையேறி அழ ஆரம்பித்தால் ஒருவரும் அசையமாட்டார்கள். என் அம்மா பால் பொங்குவதைக்கூட விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். "பாவம்டா, நம்மளவிட கஷ்டப்பட்டிருக்காங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்.

என் தங்கச்சி மேகலா நிஜமாகவே பாடுவாள். அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடினால் எதிர்வீட்டில் மிக்சியை நிறுத்துவார்கள். அந்தப் போட்டிக்கு அவள் போயே ஆகவேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். விண்ணப்பத்தில் பெயர், வயது, பாடத் தெரிந்த பாட்டு எல்லாம் போக, கடைசியில் பெரிய கட்டம்: 'உங்கள் குடும்பச் சூழல்.' மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரம். சத்தியமாகச் சொல்கிறேன், கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. கை பழக்கத்தில் மாதிரி ஃபைலைத் திறந்தது. 'கணவரால்' என்பதை 'தந்தையால்' என்று மாற்றினேன். 'இசையையே துணையாகக் கொண்டு' என்று என் சொந்தச் சரக்கும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை நினைத்து அன்று முழுக்கப் பெருமையாக வேறு இருந்தது. தூ!

பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று அப்பாவிடம் நீட்டினேன். "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு, படிக்காமலே போட்டார்.

அப்பா கீழ்பென்னாத்தூர் மண்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டைக்கு எடை போடுகிறவர். வியாபாரிக்கும் விவசாயிக்கும் நடுவில் நிற்கிற வேலை. இரண்டு பக்கமும் அவரை நம்பினார்கள். "அவரு சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு, தராசைப் பார்க்காமலே பீடி பற்றவைக்கப் போவார்கள். அப்பாவிடம் நிலமில்லை, வீடும் வாடகை வீடு. அந்தப் பேர் ஒன்றுதான் அவருக்கு இருந்தது.

மேகலா தேர்வாகிவிட்டாள். சென்னைக்குக் குடும்பத்தோடு போனோம். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் அதை மாற்றி, பழைய புடவை கட்டச் சொல்லிவிட்டார்கள். காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண் கையில் காகிதத்தோடு அப்பாவிடம் வந்தாள். "சார், பொண்ணு பாடி முடிச்சதும் நீங்க மேடைக்கு வரணும். குடியை விட்டுடறேன்னு பொண்ணு கையில அடிச்சு சத்தியம் பண்ணணும். ஓகேவா?"

"நான் குடிக்கறதில்லீங்களே," என்றார் அப்பா.

அவள் காகிதத்தைக் காட்டினாள். அவர் கையெழுத்து. அதற்கு மேலே என் தமிழ். அப்பா அப்போதுதான் முதல்முறையாக அதைப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர், நேரமாயிற்று. பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்பா, வேணாம். வாங்க, நம்ம ஊருக்குப் போலாம்," என்று மேகலா அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இம்மாந்தூரம் வந்துட்டு என்னாத்துக்குப் போறது? எழுதினது நம்ம புள்ள. இப்ப பொய்யின்னா உன்ன வெளிய அனுப்பிடுவாங்க. சொல்லிட்டுப் போறேன், வுடு."

மூன்று முறை எடுத்தார்கள். முதல் முறை அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை. இரண்டாவது முறை கேமரா வேறு பக்கம் இருந்ததாம். மூன்றாவது முறை சொன்னார். அதைத்தான் பஸ்ஸில் கேட்டேன். இந்த நிகழ்ச்சிகள் நிஜமா நடிப்பா என்று இப்போதும் என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அன்று மேடையில் எல்லாமே பொய், மேகலாவின் அழுகையைத் தவிர. அந்த அழுகையால்தான் ஜனங்கள் மற்றதையும் நம்பினார்கள்.

அடுத்த வாரமே அவளை வெளியேற்றிவிட்டார்கள். ஆனால் ஊர் அந்த ஒரு வாரத்தை விடவில்லை. மண்டியில் ஒரு விவசாயி, "கை நடுங்கப் போவுது, இன்னொரு வாட்டி போடுய்யா," என்றாராம். அன்றிலிருந்து எல்லாரும் தராசைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். இருபது வருடமாக அப்பாவோடு டீ குடித்தவர்கள் கூட நம்பினார்கள். "நமக்குத் தெரியாம எப்ப அடிச்சாரு இந்த ஆளு?" என்றுதான் யோசித்தார்களே தவிர, டீவி பொய் சொல்லும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா குடிக்கிறவர் இல்லை என்று நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், விண்ணப்பத்தை மட்டும் சொல்லவில்லை. "அப்பனுக்குப் பரிஞ்சு பேசுறான், நல்ல புள்ள," என்று முதுகில் தட்டி அனுப்பினார்கள்.

இன்னும் கேளுங்கள். மது ஒழிப்புக் கூட்டம் ஒன்றில், திருந்தியவர் என்று அப்பாவைப் பேசக் கூப்பிட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் என்னைத் தனியே அழைத்தார். "டேய், குடிச்சா எப்டிடா இருக்கும்? தலைய சுத்துமா, வயித்த பெரட்டுமா? ஏதாச்சும் கேட்டா நான் என்னாத்த சொல்றது?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"உனக்குத் தெரியும்," என்றார். கோபம் இல்லை. எங்கள் வீட்டில் குடிக்கிறவன் நான்தான். சம்பள நாளில் நண்பர்களோடு பீர், வாயில் ஏலக்காய். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சொன்னேன். மனப்பாடம் செய்கிற பிள்ளையைப் போலக் கேட்டுக்கொண்டார். அதைவிட நான் செத்திருக்கலாம்.

மேகலாவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அம்மாவும் பேச்சை மாற்றிக்கொண்டாள். அப்பா குடிக்கவே மாட்டார் என்றால், மறைக்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்துபோகிறார்கள். குடித்தார், விட்டுவிட்டார் என்றால் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய விஷயங்க," என்கிறார்கள். அந்தப் பேச்சில்தான் கல்யாணம் முடிந்தது. சொல்லிச் சொல்லி அம்மாவே ஒருநாள் பக்கத்து வீட்டில், "அவரு குடிச்சுனு இருந்த காலத்துல..." என்று ஆரம்பித்ததை என் காதால் கேட்டேன். மேகலா அந்தப் போட்டிக்குப் பிறகு வீட்டில் பாடவில்லை. எதிர்வீட்டில் மிக்சி தடையில்லாமல் ஓடியது.

போன வருடம் அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம். வாழையிலையில் வடை, பாயசம், வேட்டி, துண்டு எல்லாம் வைத்துப் படையல் போட்டிருந்தோம். பெரியப்பா இடுப்பிலிருந்து ஒரு கோட்டர் பிராந்தி பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "எங்க தம்பி ஆசைய அடக்கினுதான் செத்தான். இன்னிக்காச்சும் குடிக்கட்டும்டா."

பிரியத்தில்தான் செய்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. மேகலா சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, 'எடுங்க பெரியப்பா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். விண்ணப்பத்தைச் சொல்லவேண்டும். ஐயர் கற்பூரத் தட்டை நீட்டினார். வாங்கி, அந்த பாட்டிலுக்கும் சேர்த்துக் காட்டினேன்.

தேரடியில் ஒரு சோடாக் கடை இருந்தது, இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் அப்பா என்னையும் மேகலாவையும் கூட்டிக்கொண்டு போய் பன்னீர் சோடா வாங்கித் தருவார். தானும் ஒன்று வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வாயாகக் குடிப்பார். அவர் ஆசைப்பட்டுக் குடித்தது அது ஒன்றுதான். படையலில் அதை வைக்கவேண்டும் என்று எனக்குக்கூடத் தோன்றவில்லை.